தொடாத இடம்

பேனா அளவில் ஒரு பிளாஸ்டிக் பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழை. டாக்டரம்மாவிடம் வேலையை விட்ட நாளில் என் கைப்பையோடு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தே ஆறு வருடங்களை ஓட்டிவிட்டேன். மூன்று வாரங்களுக்கு முன் மகளைக் குளிப்பாட்டும்போது அவள் முன்கையில் வெளிறிய தேமல் ஒன்றைப் பார்த்தேன். அன்று அலமாரியிலிருந்து எடுத்த இழையைத் திரும்ப வைக்கவில்லை.

டாக்டரம்மா தொழுநோயை ஆராய்ந்தே தலை நரைத்தவர். அந்த நோயில் தோலுக்குத் தொடு உணர்ச்சி போய்விடும். விரல் மடங்குவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தால் மருந்து கொடுத்துக் கையைக் காப்பாற்றலாம். எவ்வளவு முன்பே கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிய குடியிருப்புகளிலும் அவர் இழையால் தொடுவார், நான் தாளில் குறிப்பேன். எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். நடுநடுவே டாக்டரம்மா தொடாமலே சும்மா இருப்பார். அப்போதும் விரல் நீண்டால் அந்தக் குறிப்பை நம்ப முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்தவர் ஒருவரை அவர் வீட்டில் பார்த்தோம். இழையைக் கண்டதும், "இன்னா மேடம், மீன் புடிக்க வந்தீங்களா? பழவேற்காடு அந்தாண்ட கீது" என்று சிரித்தார். கண்ணை மூடியபின் கேட்டபோதெல்லாம் ஏதோ ஓரிடத்தைக் காட்டினார். டாக்டரம்மா தொடாமல் இருந்தபோதும் காட்டினார், மூன்று முறை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "எல்லாம் உணர்ச்சி கீதுன்னு எழுதிக்க மேடம். கம்பெனிக்குத் தெரிஞ்சா இவர வெளிய அனுப்பிடுவான்" என்றார்.

டாக்டரம்மா இழையைக் கீழே வைத்துவிட்டார். மருந்து ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பரவாது, வேலைக்குப் போகலாம், கம்பெனியில் தாம் எதுவும் சொல்லப் போவதில்லை என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். டீ வந்தது, குடித்தோம். அதன்பிறகு மறுபடி தொட்டபோது அந்த மனிதரின் விரல் பல இடங்களில் அசையவே இல்லை.

திரும்பும் வழியில் ஜீப்பில் டாக்டரம்மா சொன்னார்: "பயந்தவங்க நம்ம மூஞ்சிக்குத்தான் பதில் சொல்லுவாங்க. மொதல்ல பேசணும், அப்புறம்தான் தொடணும்." அதுவரை ஒரு வருடமாகக் குறித்த தாள்களைக் கட்டித் தனியே வைத்துவிட்டு எல்லா வீடுகளுக்கும் மறுபடி போனார். எனக்கு அப்போது உள்ளூர எரிச்சல்தான்.

இன்று மதியம் பள்ளி விட்டு வந்த மகளைக் கண்ணை மூடச் சொன்னேன். தேமலின் மேல் தொட்டதையெல்லாம் சரியாகக் காட்டினாள். பிறகு தொடாமல் இருந்தேன். அவள் விரல் அதே இடத்துக்கு வந்தது. அப்படியென்றால் முதலில் காட்டியதும் பொய்யா? அந்த வேலையிலிருந்து நோயை நான்தான் கொண்டுவந்துவிட்டேனா? எத்தனையோ வீடுகளில் டாக்டரம்மா விளக்கம் சொல்லக் கேட்டவள், என் வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்டு பார்க்கும் கணவரிடம்கூட.

"இப்ப நானு" என்று மகள் இழையைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணை மூடினேன். முன்கையில் குறுகுறுவென்றது. காட்டினேன்.

"நான் இன்னும் தொடவே இல்லமா. திருட்டாட்டம் ஆடாத."

அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் கணவர் வந்ததும் முதலில் நோயைப் பற்றிச் சொன்னேன், பிறகுதான் மகளின் கையைக் காட்டினேன். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத மூணு வாரமா மனசுல வெச்சிக்கினு இருந்தியா? காலைல ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் லீவு சொல்லிடறேன்" என்றார்.

கைப்பையில் மகளின் ஆதார் அட்டையை வைத்தேன். இழையை அலமாரியில் வைத்து மூடினேன். நாளை அவள் கையைத் தொடப்போவது நானல்ல.