கோதுமை ஊரை முதலில் எழுதினோம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணலாகத்தான் வரும், ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் நின்றுவிடுவேன். காலையில் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று மத்தியானம் வரை தேடுகிறவள், பதினைந்து வருஷத்துக்கு மேலான விஷயத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வடக்கத்தி ஊர்ப் பெயர்கள் அப்போதே என் வாயில் நிற்கவில்லை. அதனால் அந்த நாளில் நானாக வைத்துக்கொண்ட பெயர்களையே இங்கும் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருக்கும். என் ஒரே மகள் வக்கீலுக்குப் படிக்க ஆசைப்பட்டாள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு சுவர்த் தகராறு ஆரணி கோர்ட்டில் நடந்தது. காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு போய்ப் போய் வந்த ஆசை அது. நம் மாநிலத்துச் சட்டக் காலேஜுக்கு ப்ளஸ் டூ மார்க் பார்த்தார்கள். அவள் மார்க் அதற்கு எட்டவில்லை. ஆனால் மற்ற மாநிலங்களில் பெரிய சட்டக் காலேஜ்கள் இருக்கின்றன, அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பரீட்சை, அதில் வாங்குகிற இடத்தை வைத்துக் கூப்பிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருக்கிறார்.

முதல் தடவை எழுதினாள். அந்த விண்ணப்பத்தில், எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும். அவளுக்குத் தெரிந்தது மூன்று பெயர்தான், மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த பெரிய காலேஜ்கள். அந்த மூன்றை மட்டும் எழுதினாள். ஒன்றிலும் கூப்பிடவில்லை. பிறகு பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா, நான் எழுதாம வுட்ட காலேஜ் ஒண்ணு, எனக்குப் பின்னாடி நம்பர் வாங்கினவங்களைக் கூப்ட்டுகீது. பேர் எழுதியிருந்தா கிடைச்சிருக்கும். எழுதல. அவ்ளோதான்."

அவள் அப்பா தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னொரு தபா எழுது. அதோட சரி. இல்லன்னா இங்கயே எதனா காலேஜ்ல பி.காம். சேந்துடு. ரெண்டு வருசத்துக்கு மேல வீட்ல குந்திகினு இருந்தா ஊரு கேக்கும்" என்றார்.

ஆகவே எல்லாம் அந்த இரண்டாவது தடவையில் நின்றது. ஒரு வருஷம் வீட்டிலிருந்தே படித்தாள். தபாலில் வரும் மாதிரிப் பரீட்சைகளை எழுதினாள், நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்காருவேன். வேலூருக்குப் போய் விண்ணப்பமும் வாங்கி வந்தோம். ஒன்றே ஒன்று.

"இந்தத் தடவை நடக்கிறதை மட்டும் எழுதணும்மா" என்றாள். நடக்கிறது எது, நடக்காதது எது என்று எப்படித் தெரியும்? எனக்கு அதுதான் ஆச்சரியம். போன வருஷம் ஒவ்வொரு காலேஜும் கடைசியாகக் கூப்பிட்ட ஆளின் நம்பரை எழுதிக்கொண்டு வந்தாள். எனக்கு எண் நன்றாக வரும். நான்தான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சின்ன நம்பரிலிருந்து பெரிய நம்பர் வரை வரிசையாக எழுதினேன். மாதிரிப் பரீட்சைகளைப் பார்த்து, தான் இந்த இடத்தில்தான் வருவோம் என்று அவள் நடுவில் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு ரொம்ப மேலே இருந்ததையெல்லாம் "இது நமக்கில்ல" என்று விட்டுவிட்டாள். கோட்டை ஒட்டி இரண்டு ஊர், கோட்டுக்கு நன்றாகக் கீழே மூன்று ஊர்.

நம்பர் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஊர்கள் எப்படி இருக்கும்? என்ன தின்பார்கள்? மூன்று நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

என் வேலை பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கு இழை, முடிந்து அடுத்தது ஏறும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். அதற்காக வீடு வீடாகப் போவேன். போனாலும் யாரிடமும் பேசமாட்டேன், கூச்சம். ஆனால் கையில் இழையும் கண்ணில் இழையும் இருந்தால், யார் முகத்தையும் பார்க்காமல் எதையும் கேட்டுவிடலாம் என்று அந்த மூன்று நாளில்தான் கண்டுபிடித்தேன்.

சேவூரில் ஒரு வீட்டில் பட்டாளத்திலிருந்து பிள்ளை லீவில் வந்திருந்தார். நான் குனிந்தபடியே கேட்டேன். "தம்பி, இந்த ஊர்லல்லாம் நீங்க இருந்துகிறீங்களா?"

பெயர்களைத் தப்புத் தப்பாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "இன்னாக்கா, பட்டாளத்துல சேரப் போறீயா? ஆளு எடுக்கறாங்கன்னு யாரு சொன்னது?"

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நாலைந்து இழை பிணைத்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"பொண்ணு படிக்கப் போவுதுங்க."

"அப்டியா! நீ மொதல்ல சொன்னியே, அந்த ஊர்ல மணலுதான்கா. சோத்துல மணல், காதுல மணல். கடைசியா சொன்னது நல்ல ஊரு. எங்க பாத்தாலும் கோதுமை. காலைல ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரிக்கும் ரொட்டி. மார்கழில பல்லு தந்தி அடிக்கும். ஆனா மனுசங்க தங்கமானவங்க. வழி கேட்டா வீட்டுக்குக் கூட்டிகினு போய் மோரு குடுப்பாங்க."

அப்படித்தான் மணல் ஊரும் கோதுமை ஊரும் வந்தன. ஏரி ஊர் முள்ளிப்பட்டில் கிடைத்தது. நான் பிணைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு ஜரிகை வியாபாரி ஒருவர் வந்திருந்தார், வடக்கே போய் வருகிறவர். "நம்ம ஏரி மாதிரி நெனச்சிக்காதம்மா. அந்தாண்டக் கரை கண்ணுக்கே தெரியாது. சாயங்காலம் ஊரே கரையில நடக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். மகள் ரொட்டிக்குச் சிரித்தாள், மணலுக்கு முகத்தைச் சுளித்தாள். ஏரி என்றதும் பேனாவை வைத்துவிட்டாள்.

"கரையில நடக்கலாமாமா?"

"நடக்கலாமாம்."

"அங்கதான்மா நல்லா வாதாடச் சொல்லித் தர்றாங்களாம். டீச்சர் சொன்னாங்க."

அவள் போட்ட கோட்டை ஒட்டி, ஒரு மயிரிழை மேலே இருந்தது ஏரி ஊர். கோதுமை ஊர் நன்றாகக் கீழே, கட்டாயம் கிடைக்கிற இடத்தில்.

மறுநாள் காலை விண்ணப்பத்தை விரித்தோம். முதலில் ஏரி ஊர், அப்புறம் மணல் ஊர், கோதுமை ஊர் ஐந்தாவது என்று எழுதப் போனாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏம்மா, அஞ்சாவதா எழுதின காலேஜ், நம்மள அஞ்சாவதாதான் எழுதிகீறாங்கன்னு பாக்குமா?"

அவள் யோசித்தாள். "தெரியலயே. கம்ப்யூட்டர்தாம்மா பாக்கும்."

"கம்ப்யூட்டருக்குக் கோவம் வராது. அதை வெச்சிகினு இருக்கறவங்களுக்கு வருமே?"

நான் இப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் வீட்டுக்காரர் வேலை கேட்டு ஒரு பெரிய முதலாளியிடம் போனார். அவர் இல்லை என்றதும் அடுத்தவரிடம் போனார். அதற்குள் சேதி அங்கே போய்விட்டது. "அங்க சீந்தலன்னதும் இங்க வந்தியா? மொதல்ல நம்ம நெனப்பு வரல இல்ல?" என்று கேட்டு, ஒரு வருஷம் கூலி குறைந்த சாதாப் புடவையாகவே நெய்யக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எது நிச்சயம் கிடைக்குமோ அதை முதலில் கேட்பது, அதையே பெரிதாகக் கேட்பது.

இதை அவளுக்குச் சொன்னேன். "கோதுமை ஊரு நமக்கு நிச்சயம்னு நீயே கோடு போட்டுகிறே. அதை மொதல்ல எழுது. அவங்க மனசு குளிரும். ஏரி ஊரை ரெண்டாவதா எழுது, பெரிய மனசு இருந்தா அவங்களும் கூப்புடட்டும்."

விண்ணப்பத்தோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். எல்லாம் இங்கிலீஷ், பொடி எழுத்து. போன வருஷத்து அடி அவளுக்கு ஆறவில்லை என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்கிற பெண் இல்லை அவள். அப்பாவைப் பார்த்தாள். அவர், "ரெண்டு பேரும் ஜல்தியா முடிவு பண்ணுங்க, தபாலு போயிடும்" என்றார். கோதுமை ஊரை முதலில் எழுதினாள். பேனாவில்தான் எழுதினாள். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு வந்தோம்.

பரீட்சை நன்றாக எழுதினாள். எங்கள் கோடே பொய்யாகிவிட்டது, அதைவிட நல்ல இடம் வந்தது. எந்தக் காலேஜ் என்று தெரிகிற அன்றைக்கு பிரவுசிங் சென்டருக்கு என்னையும் கூட்டிப் போனாள். கோதுமை ஊர் என்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே வேலை பார்த்த அம்மா எழுந்து வந்து இவள் கையைக் குலுக்கினார்.

மகள் எழுந்திருக்கவில்லை. வேறொரு பக்கத்தைத் திறந்தாள். ஊர்ப் பெயர்கள், பக்கத்தில் நம்பர்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அது காலண்டர் தாளில் நான் எழுதிய அதே மாதிரி வரிசை என்று தெரிந்தது. அவள் விரல் ஒரு வரியில் நின்றது. அங்கே இரண்டு நம்பர் இருந்தது. ஒன்று அவள் நம்பரைவிடப் பெரியது, ஒன்று சின்னது. அதற்குள் பக்கத்தை மூடிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் கேட்டேன். "இன்னாமா பாத்தே?"

"ஒண்ணுமில்லமா. கம்ப்யூட்டரு நாம எழுதினதை மேல இருந்து ஒவ்வொண்ணா பாத்துகினு வருமாம். எது மொதல்ல கிடைக்குதோ அங்கயே நின்னுடுமாம். கீழ எழுதினதைப் பாக்கவே பாக்காதாம்."

"அப்போ கோவம், மனசு குளிர்றது..."

"அதெல்லாம் ஒண்ணுங்கிடையாதுமா." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"ஏரி ஊரை மேல எழுதியிருந்தா?"

"தெரியல. ரெண்டு லிஸ்ட் கீது. ஒண்ணுல நான் வரேன், ஒண்ணுல வரல. நாம எந்த லிஸ்ட்னு..." என்று நிறுத்தினாள். "அத்த வுடுமா. பல்லு தந்தி அடிக்குமாமே, மொதல்ல ஸ்வெட்டர் வாங்கணும்."

அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை. கோதுமை ஊருக்குப் போனாள், ஐந்து வருஷம் ரொட்டி தின்று படித்தாள். வழி கேட்டு மோர் குடித்ததாகக் கடிதம் எழுதினாள். இப்போது வக்கீலாக இருக்கிறாள். ஒரு காகிதத்தைக் கொடுத்தால் முன்னும் பின்னும் நாலு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட விடமாட்டாள். அப்படிப்பட்டவள், நாம் எந்த லிஸ்ட் என்பதை மட்டும் பார்க்காமல் விட்டாளா, பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் விட்டாளா? பாவு பிணைக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். இப்போது கண் தெரியாமல் அந்த வேலையை விட்ட பிறகும் யோசிக்கிறேன். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

காலண்டர் தாள் என் பெட்டியில் இருக்கிறது. அதில் இருப்பது முந்தின வருஷத்து நம்பர்கள், அவற்றால் பிரயோசனமில்லை. அவள் இரண்டாவது தடவை பரீட்சை எழுதிய வருஷத்து நம்பர்கள்தான் வேண்டும். மொத்தம் ஐந்து ஊர் எழுதினோமா, ஆறா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பழைய லிஸ்டைக் கம்ப்யூட்டரில் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காலேஜ் இருக்கிற மாநிலத்துப் பிள்ளைகளுக்குத் தனி லிஸ்ட் உண்டாம், அந்த இரண்டு நம்பரில் நம் மாநிலத்திலிருந்து போகிறவர்களுக்கு எது என்பதையும் பார்க்க வேண்டும். அவள் நம்பரை எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். ஏரி ஊர் கிடைத்திருக்காது என்றால் நிம்மதி. கிடைத்திருக்கும் என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள், எனக்குத் தெரிய வேண்டும்.