இடது கையில் ஆறு பட்டைகள்

காலை எட்டரை மணிக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து நான்கரை மணி நேரப் பயணம். பையில் இரண்டு சேலைகள், பூதக்கண்ணாடி, டார்ச், பஞ்சு, மெல்லிய தூரிகை.

புதுச்சேரியில் எனக்குத் தையற்கடை. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் அணிவகுப்புக்குப் போடும் சீருடைகளை முப்பது வருடமாகச் சரிசெய்து தருகிறேன். பழக்கத்தில், பழைய படங்களில் இருக்கும் சட்டையைப் பார்த்தே எந்தப் படை, என்ன பதவி என்று சொல்லிவிடுவேன். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பினாங்கிலிருந்து கமலா என்பவர் கைப்பேசியில் அனுப்பிய ஓவியத்தில் மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. புகையேறிக் கறுத்திருந்தது. "அண்ணனுக்கு நாள் இல்ல, நேர்ல வந்து பாருங்க" என்று டிக்கெட்டையும் அனுப்பிவிட்டார்.

கமலாவின் வீடு இருக்கும் சுங்கை பினாங்குக்குப் பதினைந்து கிலோமீட்டர், வாடகைக் காருக்கு இருபத்தெட்டு மலேசிய வெள்ளி. ஓட்டுநர் தமிழர்.

"சுத்திப் பார்க்க வந்தீங்களா அக்கா?"

"ஒரு படம் பார்க்க வந்தேன்."

"சினிமாவுக்கா? இவ்ளோ தூரமா லா?" என்று அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வை இழுத்துச் சிரித்தார்.

ஒன்பதேமுக்கால். அடுக்குமாடியின் பதினோராவது தளம். கதவைத் திறந்தவுடன் மருந்து வாடை. கமலாவுக்கு அறுபத்தெட்டு வயது. திரைக்கு அப்பால் கட்டிலில் அவருடைய அண்ணன் ராஜேந்திரன், எழுபத்தேழு. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. டயாலிசிஸ் வேண்டாம் என்று போன வாரம் அவரே நிறுத்திவிட்டார்.

"வாம்மா," என்றார். "எங்க தாத்தா பிரான்சுக்காகச் செத்தவரு. எந்தச் சண்டையில, எந்த மாசம்னு மட்டும் சொல்லிடு. போதும்."

கமலா கதையைச் சொன்னார். தாத்தா காரைக்காலிலிருந்து பினாங்குக்குக் கணக்கு எழுத வந்தவர். முதல் உலகப்போர் தொடங்கியதும் அவரைப் படைக்கு அழைத்தார்கள். மனைவி அஞ்சலைக்குப் பத்தொன்பது வயது, கையில் ஒரு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் இவர்களுடைய அப்பா. போய்ச் சேர்ந்த முதல் வருடமே குண்டடிபட்டு இறந்தார் என்று காரைக்காலிலிருந்து தாத்தாவின் சொந்த அண்ணனே கடிதம் எழுதினார். பல வருடம் கழித்து இந்த ஓவியம் கப்பலில் வந்தது. உடன் கடிதம் எதுவும் இல்லை. இறந்த வீரருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் செய்த மரியாதை என்று குடும்பத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

பத்தரை மணிக்குக் கூடத்துச் சுவரிலிருந்து படத்தை இறக்கினோம். மார்பை மறைத்துச் சந்தன மாலை தொங்கியது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியை ஒற்றி எடுத்தேன். கழுத்துப்பட்டையில் நங்கூரம் வந்தது: காலனியப் படை. மணிக்கட்டுக்கு மேலே சாய்வாக ஒரு தங்கப்பட்டை: சார்ஜண்ட். கமலா குழந்தைபோல் கைதட்டினார்.

பிறகு இடது மேற்கையைத் துடைத்தேன். கவிழ்த்த 'வி' போல ஒரு பட்டை. அதற்கு மேல் இன்னொன்று. ஆறு வந்தபோது என் கை நின்றது.

போர்முனையில் ஒரு வருடம் முடித்தவருக்கு முதல் பட்டை. பிறகு ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் ஒன்று. ஆறு பட்டை என்றால் மூன்றரை வருடம். மாலை மறைத்திருந்த இடத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட நாடாவில் ஒரு பதக்கம். அது போர் முடிந்த பிறகு கொடுத்தது. இறந்தவரைப் புகைப்படம் பார்த்து வரைந்து, பதக்கத்தையும் சேர்த்திருக்கலாமோ என்று யோசித்தேன். அப்படியானாலும் முதல் வருடத்தில் செத்தவர் கையில் ஆறு பட்டை ஏறாது.

"அக்கா, இவர் சண்டையில சாகல," என்றேன் மெதுவாக. "முடிஞ்ச பிறகும் உயிரோடதான் இருந்திருக்கார்."

"அப்போ அந்தக் கடுதாசி பொய்," என்றார் கமலா. பிறகு, "பாட்டி இருந்தவரைக்கும் இந்தப் படத்துக்கு மாலை போட விடலையாம்," என்றார். "பொட்டும் வைக்க விடலையாம். துக்கத்துல பண்றாங்கன்னு அப்பா சொல்வாரு. அவங்க செத்த பிறகுதான் அப்பா மாலை போட்டாரு." புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே வெள்ளைச் சீலை கட்டியிருக்காங்க."

ஊருக்கு விதவையான பிறகு எப்படி மீண்டும் பொட்டு வைப்பாள்? யாரிடம் போய்ச் சொல்வாள்? அடுத்தவர் துணி துவைத்துப் பிள்ளையை வளர்த்து, நாற்பது வயதுக்கு முன்பே இறந்துபோனாராம்.

"அண்ணன்கிட்ட சண்டையில செத்தாருன்னே சொல்லிடுங்க தங்கச்சி. கொஞ்ச நாள்தானே."

சரி என்று தலையாட்டிவிட்டுத் திரையை விலக்கினேன். ஒரு போர்க்களத்தின் பெயரைக்கூட மனத்தில் தயார் செய்திருந்தேன். ராஜேந்திரன் கண்ணை மூடியபடியே சொன்னார்: "பொய் சொல்லாதம்மா. சின்ன வீடு லா. எல்லாம் கேட்டுச்சு."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அம்பது வருஷம் படையல் போட்டேன். எங்க அப்பா அதுக்கு முன்னால போட்டாரு. அந்த ஆளு அங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான்." மூச்சு வாங்கியது. "பாட்டிக்கு ஒரு நாள்கூடப் போட்டதில்லம்மா. ஒரு படம்கூட அவங்களுக்கு இல்ல. மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

எதற்காகத் தாத்தா அந்த ஓவியத்தை அனுப்பினார் என்று கேட்டார். சட்டை அதையெல்லாம் சொல்லாது அண்ணே என்றேன்.

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டேன். கமலா கூடவே விமான நிலையம் வரை வந்தார். உள்ளே போகும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வராமலே இருந்திருக்கலாம்," என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. புதுச்சேரியில் என் கடைக்கு வருகிறவர்கள் பதவியைக் கேட்பார்கள், பதக்கத்தைக் கேட்பார்கள், மகிழ்ந்து போவார்கள். வீட்டில் காத்திருந்தவர் யார் என்று முப்பது வருடத்தில் நானும் கேட்டதில்லை.

பதினாறு நாள் கழித்துக் கமலா கூப்பிட்டார். அண்ணன் போய்விட்டார். சுவரில் மாட்ட நல்ல படம் ஒன்றுகூட இல்லை என்றார். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது எடுத்தது ஒன்றுதான்.

"நீலச் சட்டை, தங்கச்சி. கம்பெனி யூனிஃபார்ம். பாக்கெட் மேல பேரு தைச்சிருக்கு. நல்லாவா இருக்கும்?"

"அதையே மாட்டுங்க அக்கா," என்றேன்.