நண்டுக் கடையில் இருந்தவன்

அலிபை என்றால் சாக்கு என்றுதான் எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். லத்தீனில் ‘அலியஸ்’ என்றால் வேறு, ‘இபி’ என்றால் அங்கே. இரண்டும் ஒட்டிக்கொண்டு ‘வேறிடத்தில்’ என்றானது, அவ்வளவுதான். குற்றம் நடந்தபோது நான் வேறிடத்தில் இருந்தேன் என்று காட்டுவதுதான் அலிபை. கண்டவர்களுக்கெல்லாம் இதை விளக்கிக்கொண்டிருந்த எனக்கு, பிடிபட்ட தம்பிக்காக அதையே தேடி அலைய வேண்டியதாயிற்று.

ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மாலை டிராக்டர் பேட்டரி திருடுபோனது. தம்பியை அங்கே பார்த்ததாகக் காவலாளி சொல்லிவிட்டார். மறுநாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் காவலை நீட்டிக்கப் போகிறார்கள்.

அந்த நேரத்தில் கோயிலில் இருந்ததாகத் தம்பி போலீசிடம் சொல்லியிருந்தான். நம்பக்கூடிய பதில்தான். அம்மாவின் நெஞ்சு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு, கையில் காப்புக் கட்டி விரதம் இருந்தான். அவனோடு சேர்ந்து அம்மாவும் கவுச்சியை விட்டிருந்தார். ஆனால் பூசாரிக்குப் பொய் வராது. அன்று அவன் கோயிலுக்கு வரவே இல்லை என்று சொல்லிவிட்டார். பொய்யான அலிபையைவிட அலிபையே இல்லாமல் இருப்பது மேல்.

கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்தில் அவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

“பாசிர் பெனம்பாங்ல ஒரு கடையில நண்டு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்க்கா. அம்மாகிட்ட சொல்லிடாத லா. நான் உள்ளயே இருந்துட்டுப் போறேன்.”

ஓங்கி அறையலாம் போல இருந்தது. காப்புக் கட்டிய கையோடு கவுச்சி தின்றால், யாருக்காக வேண்டினோமோ அவருக்கே ஆகாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஜெயிலுக்குத் துணிந்தவனுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. எனக்கும் பயம்தான். அம்மாவின் நெஞ்சில் தையல் போட்ட இடம் இன்னும் சரியாக ஆறவில்லை.

வேறு வழியில்லாமல், வெளியே காரில் காத்திருந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. நண்டுக் கடைக்கு வண்டியை விடச் சொன்னார்.

விசாரணை அதிகாரியையும் அங்கே வரவழைத்தேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே கேமராப் பதிவை ஓட்டிக் காட்டினார். நாளும் நேரமும் சரியாக இருந்தன. ஆனால் உட்கார்ந்திருந்தவன் தொப்பியை இழுத்துவிட்டிருந்தான், முகம் தெரியவில்லை. இது யாராக வேண்டுமானாலும் இருக்கலாமே என்றார் அதிகாரி.

அம்மா திரையருகே குனிந்தார். நண்டின் ஓட்டை உடைக்கும் கையில் மஞ்சள் காப்பு இருந்தது. நடுவில் அறுந்துபோய், சிவப்பு நூலால் முடிச்சுப் போட்ட காப்பு. அந்தக் கை ஒவ்வொரு காலாக உடைத்துத் தின்பதை அம்மா கடைசிவரை பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் சொன்னார்.

“அவன்தான்னு சொல்லு. அந்த முடிச்சு நான் போட்டது.”

நான் அதை அதிகாரியிடம் மலாயில் சொன்னேன்.

நிலையத்தில் இருந்த தம்பியின் கையையும் சரிபார்த்துவிட்டு, அன்று மாலையே அவனை விட்டார்கள். காரில் அம்மா முன்னால், அவன் பின்னால். ஆற்றுப் பாலம் தாண்டியதும் அம்மா திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“தீமிதி அன்னிக்கு உனக்குப் பதிலா நான் எறங்கிக்கிறேன். நீ அங்க நிக்காத. வேற எங்கயாவது இரு.”

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.