மூன்று புள்ளிக்குக் கீழே

எங்கள் திருப்புலிவனத்தில் கோவிந்தம்மாள் பெரியம்மா பேசி முடிக்காத கல்யாணம் ஒன்று நடந்திருந்தால், அது ஓடிப்போய்ச் செய்துகொண்டதாகத்தான் இருக்கும். அப்படி ஓடிப்போனவர்களிலும் சிலரைப் பெற்றவர்களிடம் கூட்டிக்கொண்டு போய், நன்றாகத் திட்டு வாங்க வைத்து, பிறகு இலை போடவும் வைத்தவர் அவர்தான். ஆனால் தரகர் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. "நான் இன்னா மாட்டுச் சந்தையிலயா நிக்கிறேன்?" என்று கேட்பார். பெண் பார்த்துக் கொடுக்கிறவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அறுபது வயதைத் தாண்டியும் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சுற்றியவர் அவர். ராஜகுளமோ தாமலோ, ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவருவது யார் என்று பார்ப்பார். மருமகள் கொண்டுவந்தால் ஒரு கணக்கு, மாமனாரே எழுந்து போய் மொண்டு வந்தால் வேறு கணக்கு. அந்தத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அந்தக் குடும்பத்தைப் படித்துவிடுவார்.

அவருக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. பெண்ணின் ஜாதகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால், பிள்ளை வீட்டில் என்ன குறை என்று பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். அடுப்படியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒன்று விடாமல் சொல்வார். அதைக் கேட்ட பிறகும் ஜாதகம் வந்தால்தான் பைக்குள் போகும். அந்தப் பேச்சு அடுப்படி வாசலைத் தாண்டி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து அனுப்பினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் போகலாம், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வரலாம். பஸ் படி ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஞ்சள் பை ஆணியில் தொங்கியது. பெண் வைத்திருப்பவர்கள் வேறு ஆட்களைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள்.

மகன் வினோத்துக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஒரகடத்தில் கம்பெனி வேலை. வினோத் நல்ல பிள்ளை, அதனாலேயே தொல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, என்னோடு வந்துவிடு என்று நச்சரித்தான். அவன் இருப்பது மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒருமுறை பெரியம்மாவை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்றுதான் கீழே இறக்கினார்கள். "சோறு கீது, ஃபேன் கீது, பேசறதுக்கு ஒரு மனுச முகம் இல்ல" என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

கடைசியில் மகனிடம் ஒரு பந்தயம் கட்டினார். மார்கழி பிறந்துவிட்டால் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதற்குள் வீட்டை விட்டு நகராமல் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டால், இந்த வீட்டிலேயே இருப்பேன். முடியவில்லை என்றால் வீட்டைப் பூட்டிச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு மாடிக்கு வருகிறேன். வினோத் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். நடக்க முடியாத அம்மா எப்படிக் கல்யாணம் பேசுவாள் என்று அவனுக்குத் தைரியம்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டினேன். பக்கத்து வீடு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. எனக்குப் பொறுமை என்பது கிடையாது. ஒரே பக்கத்தை மூன்றாம் தடவை திருத்தச் சொன்னால் நான் முறைக்கிற முறைப்பிலேயே பாதிப் பேர் பிழையோடு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப்பட்ட என்னிடம் பெரியம்மா, வினோத் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை நீட்டி, இதில் எனக்குத் தபால் அனுப்பச் சொல்லிக்கொடு என்றார்.

வாட்ஸ்அப் போதுமே என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். ஒரு பெண்ணின் போட்டோவை நம்பி அனுப்பியது யாரோ ஒருவருடைய குடும்பக் குரூப்பில் விழுந்து, அங்கிருந்து எவனோ ஒருவனுடைய ஸ்டேட்டஸில் ஏறி, அந்தப் பெண் வேலைக்குப் போகக் கூசி வீட்டில் உட்கார்ந்துவிட்டாளாம். "இமெயிலுன்னா ஒறைக்குள்ள போட்டு ஒட்டி அனுப்பற மாதிரியாமே. எனக்கு அதான் வேணும்" என்றார்.

வாக்கரின் குறுக்குக் கம்பியில் ஒரு முறத்தைச் சாய்த்துக் கட்டினோம். டேப் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த சிக்கல் விரல். காலமெல்லாம் களை பறித்துக் காய்த்துப்போன விரல் நுனியை அந்தக் கண்ணாடி ஒரு விரலாகவே மதிக்கவில்லை. பெரியம்மா நாக்கில் தொட்டுத் தொட்டு அழுத்தினார். நான் கத்தினேன். அப்புறம் ஒரு ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்தேன். அதைத் தொட்டுக்கொண்டு அழுத்தினால் சொன்னபடி கேட்டது.

எழுதுவதற்கு மைக் படத்தை அழுத்திப் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும் என்று காட்டினேன். பெரியம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று முதல் டேப்போடு பேச்சுதான். குறையைச் சொல்லும் கட்டம் வந்தால் மட்டும் டேப்பிடமும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கிசுகிசுத்தால் அது எழுதாது, உரக்கச் சொல்லுங்கள் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உரக்கச் சொல்வார்.

தண்ணீர் கொண்டுவருவது யார் என்று பார்க்க முடியாதது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பதில் உடனே வந்தால் ஜாதகத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். "பெரியவங்களைக் கேட்டுச் சொல்றோம்" என்று வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாமாம். எனக்குத் தெரிந்த இமெயிலில் இப்படியெல்லாம் கிடையாது. ஆனால் அவர் சொன்னது அநேகமாகச் சரியாகவே இருந்தது.

ஐப்பசி முழுக்க ஒன்றும் கூடிவரவில்லை. கார்த்திகையில்தான் காவியா கிடைத்தாள். ராஜகுளத்துப் பெண், ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். முன்பு ஒரு இடம் நிச்சயமாகி, பூ வைக்க வந்தவர்கள் வேலையை விட்டுவிடச் சொன்னதும், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொன்னவள். அதற்குப் பிறகு நல்ல இடம் எதுவும் அந்த வீட்டுக்கு வரவில்லை. பிள்ளை, தாமலில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சுகுமார். தங்கமான பையன். அவனைப் பார்க்க வந்து சம்மதம் சொன்ன மூன்று வீட்டுக்காரர்கள், அவனுடைய அம்மா வீரம்மாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பின்வாங்கியிருந்தார்கள்.

போட்டோ இரண்டு பக்கமும் பிடித்துப்போனது. பெரியம்மா வழக்கப்படி, ஜாதகம் கேட்பதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு காவியாவுக்கு ஒரு மெயில் சொன்னார். காவியா ஜாதகத்தை அனுப்பிவைத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் செய்யாற்றில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். நல்ல நேரம் போய்விடுமே என்று பெரியம்மா தானே ஃபார்வர்டை அழுத்தி, ஜாதகத்தைச் சுகுமாருக்கு அனுப்பிவிட்டார். முதல்முறையாக யார் துணையும் இல்லாமல் அனுப்பிய மெயில். சாயங்காலம் நான் வந்ததும் பெருமையோடு காட்டினார்.

மெயிலின் அடியில் சின்னதாக மூன்று புள்ளி இருந்தது. அதைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. அழுத்தினேன். கீழே மொத்தமும் விரிந்தது. முதலில் ஜாதகத்தோடு காவியா எழுதிய பதில். அதற்கும் கீழே, கதவைச் சாத்திக்கொண்டு பெரியம்மா சொன்னது, ஒரு எழுத்து விடாமல்:

"பையன் தங்கம். தலையில முடி மட்டும் போட்டோல கீற அளவுக்கு இல்ல. அம்மாக்காரி தாமல் ஏரிக்கரையில நின்னு பேசினா அந்தாண்ட கரைக்குக் கேக்கும். அந்த வாயப் பார்த்துட்டுத்தான் மூணு வூட்டுக்காரங்க எழுந்து போனாங்க. ஆனா சோத்துல வஞ்சன பண்ண மாட்டா, முதுகுக்குப் பின்னால ஒரு வார்த்த பேச மாட்டா. எல்லாம் மூஞ்சிக்கு நேரதான். யோசிச்சிக்கோ."

இதுவும் சேர்ந்துதான் தாமலுக்குப் போயிருந்தது. வீரம்மாளுக்குப் படிக்க வராது என்பதும், வருகிற மெயிலையெல்லாம் சுகுமார்தான் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவான் என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மெதுவாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அடுப்படியில சொன்னத தெருவுல கொட்டிட்டேனேடி" என்றார். வீடு போகிறதே என்றோ, வினோத்திடம் தோற்றுவிட்டோமே என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க டேப்பைச் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

தாமலிலிருந்து பதிலும் இல்லை, போனும் இல்லை. பெரியம்மா பெட்டியில் புடவைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார். முறத்தை வாக்கரிலிருந்து அவிழ்த்துக் கொடுக்கச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கடைக்கு லீவு விட்ட ஒரு நாள், நான் பெரியம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு குரல் கேட்டது. கோவிந்தம்மா வீடு எது என்று யாரோ விசாரிக்கிறார்கள். பெரியம்மாவின் கை வாக்கரை இறுகப் பிடித்தது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். தாமலிலிருந்து இரண்டு பஸ் மாறி, வீரம்மாள் தனியாக வந்திருந்தார். இத்தனை காலம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவரைத் தேடி, இன்றைக்கு ஒரு வீடே கிளம்பி வந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விடலாம் என்றால் வாக்கரோடு எங்கே போவது?

வீரம்மாள் வந்து நின்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"எங்க ஏரிக்கு அந்தாண்ட கரைக்குக் கேக்குமா என் வாய்?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கேட்கத்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றியது. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு, அனுப்பினது என் தப்பு, ஆனால் எழுதினதில் பொய் இல்லை என்று மட்டும் சொன்னார்.

வீரம்மாள் கட்டிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நடந்ததைச் சொன்னார். ஜாதகத்துக்குக் கீழே பெண் ஏதோ எழுதியிருக்கிறாள் என்று சுகுமார் படித்தானாம். 'சத்தமாப் பேசறவங்களச் சமாளிச்சிக்கலாம் பெரிமா, மனசுல வெச்சுக்கினு இருக்கறவங்கதான் கஷ்டம்' என்று இருந்ததாம். யார் சத்தமாகப் பேசுவது என்று இவர் கேட்க, பையன் முழிக்க, கீழே இருப்பதையும் படிடா என்று உட்கார வைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். வீரம்மாள் இரண்டு நாள் பேசாமல் இருந்தது தாமலுக்கே செய்தியாகியிருக்கும்.

"மூணு வூட்டுக்காரங்களும் ஏன் போனாங்கன்னு ஒருத்தரும் என் கிட்ட சொல்லல. பையன் முடிதான் காரணம்னு நெனச்சிக்கினு, அவனுக்கு எண்ண எண்ணயா வாங்கித் தேச்சிக்கினு இருந்தேன்" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முதல்முறையாக அவருடைய குரல் தாழ்ந்தது. "ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நீ என்னப் பத்தி எழுதின அத்தப் படிச்சிட்டு, அதுக்கப்புறந்தான் அந்தப் பொண்ணு ஜாதகம் அனுப்பிச்சாளா? இல்ல, முன்னாடியே அனுப்பிச்சாளா?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் டேப்பை எடுத்து, மூன்று புள்ளியை அழுத்தி, எது முந்தி எது பிந்தி என்று நேரத்தோடு படித்துக் காட்டினேன். பெரியம்மா எழுதியது முந்தின நாள். ஜாதகம் மறுநாள்.

வீரம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் இன்னா மாதிரின்னு தெரிஞ்சே ஒரு பொண்ணு வரேன்றாளா?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் குரல் பழையபடி ஏறியது. அந்தப் பெண் வேலையை விட வேண்டியதில்லை, விடச் சொன்னவர்களைக் காபியோடு அனுப்பியது ரொம்பச் சரி, இதையும் எழுதிப் போடு என்றார். எதிர்வீட்டுக்காரர்கள் முதல் தெருக்கோடி வரை எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோனது. காவியா ஒருத்திக்கு மட்டும்தான் மெயில் அனுப்ப வேண்டியிருந்தது.

நிச்சயத்துக்கு ஒப்புத் தாம்பூலத்தை எந்த வீட்டில் மாற்றிக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, நடக்க முடியாதவளை எங்கே இழுப்பது, நாமே அங்கே போய்விடலாம் என்று வீரம்மாள் சொல்லிவிட்டார். கார்த்திகையின் கடைசி முகூர்த்த நாளில் இரண்டு குடும்பமும் பெரியம்மா வீட்டில் வந்து இறங்கியது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தது சுகுமார். முடி கொட்டின தலையை மறைக்கத் தொப்பி எதுவும் போடாமல், நிம்மதியாக, எல்லோருக்கும் மொண்டு கொடுத்தான். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, வினோத்துக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். முறம் கட்டிய வாக்கரை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, ஈரத்துணியில் விரலைத் தொட்டு, தாமலுக்குப் போன அதே மெயிலைத் திறந்து, ஃபார்வர்டை அழுத்தி மகனுடைய முகவரியைப் போட்டார். மைக்கை அழுத்தினார். "நைனா, தையில கல்யாணம். பொண்டாட்டியோட வந்து சேரு. சாவி என் கிட்டயேதான் கீது" என்றார். கதவைச் சாத்தவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

அடியில் மூன்று புள்ளி நின்றுகொண்டிருந்தது. இதற்குக் கீழே இருப்பதை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் வுடு. அவனும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.