ராக் வியூ லாட்ஜின் வயசு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், கல்குவாரி ஊரில் இருக்கிறது ராக் வியூ லாட்ஜ். பாறையை எப்போதோ உடைத்து லாரி லாரியாக அனுப்பிவிட்டார்கள். மாடியில் நின்றால் தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் தெரியும். லாட்ஜுக்கு மேனேஜர் ஆல்வின். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மோட்டார் போடுவதும் போர்வை உதறுவதும் அவரேதான். குடியிருப்பும் அங்கேயே, மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில், தாயார் ஞானம்மாளோடு.

லாரி டிரைவர்கள் வருவது குறைந்ததும், கடற்கரைக்குப் போகிறவர்களை இழுக்க ஆல்வின் ஒரு வரலாறு தயாரித்தார். வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா, வயசு நூற்றைம்பது. தங்க வந்த ஒரு பெண் அதை வீடியோ எடுத்துப் போட்டாள். கூட்டம் வந்தது. உற்சாகத்தில் துரைக்கு ஒரு குதிரையும், அப்புறம் ஒரு மனைவியும் சேர்த்துக் கொடுத்தார். தன் திறமையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

வீடியோவைக் கட்டட ஆய்வுப் பொறியாளர் ஒருவரும் பார்த்துவிட்டார். நேரே வந்து, குவாரி வெடியில் விழுந்த விரிசல்களைத் தட்டிப் பார்த்தார். இத்தனை பழைய கட்டடத்தில் ஆள் தங்கக் கூடாது, சீல் வைக்கப்போகிறேன் என்றார்.

வேலையும் வீடும் ஒரே பூட்டில் போகப்போவது புரிந்ததும் ஆல்வின் துரையைக் குதிரை, மனைவி சகிதம் வாபஸ் வாங்கினார். எழுபதுகளில் குவாரி முதலாளி கட்டியது என்றார். பொய்யை ஊரே நம்பியது; உண்மைக்கு ஒரு ஆள் சிக்கவில்லை.

ஞானம்மாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"இன்னா தொரை? இதுக்கு சித்தாளா ஜல்லி தூக்குனது நானு. தளம் போடசொல்ல இவன் என் வயித்துல இருந்தான்."

ஜல்லி சுமந்ததெல்லாம் வரலாறு ஆகுமா என்றுதான் ஆல்வின் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தார்.

"அப்போ உங்களுக்கு என்ன வயசு?" என்று ஆல்வினைக் கேட்டார் பொறியாளர்.

சமையல்கட்டு வாசலில் பார்வதம் நின்றிருந்தாள். புருஷனை இழந்தவள். அவள் சமையலுக்குச் சேர்ந்த புதிதில், தன் வயசு நாற்பத்து மூன்று என்று ஆல்வின் அவளிடம் சொல்லியிருந்தார். வாராவாரம் மீசைக்கு மை பூசி அதைக் காப்பாற்றியும் வந்தார்.

"ஐம்பத்திரண்டு சார்" என்று ஆதாரை நீட்டினார்.

பொறியாளர் அட்டையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். விரிசல் விட்ட மாடி அறைகளை மட்டும் மூடிச் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

பார்வதம் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஆறிடப்போகுது, குடி அண்ணாத்த."

நேற்றுவரை மேனேஜரு என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.