தச்சூர் கூட்டுரோட்டில் திரும்பிய லாரி

சாலமோன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி கம்பெனியில் இருபது வருடமாக லாரி ஓட்டியவர். காலையில் லோடு ஏற்றிக்கொண்டு மாதவரம் குடோனுக்குப் போவார், இறக்கிவிட்டுத் திரும்புவார். குடி கிடையாது. வண்டியை எங்கும் இடித்ததில்லை. யாரிடமும் அதிகம் பேசவும் மாட்டார்.

அவர் மனைவி ரோஜா பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. தினமும் மதியம் திரும்பி வரும்போது தச்சூர் கூட்டுரோட்டில் லாரியைத் திருப்பிப் பொன்னேரி வீட்டுக்குப் போவார். ரோஜாவின் தலையைத் தன் தோளில் சாய்த்து, ஒரு வாய் கஞ்சி தொண்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுப்பார். பிறகு முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பார். எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆகும். கம்பெனியில் யாருக்கும் இது தெரியாது. அவரும் சொன்னதில்லை.

2008 ஆவணியில் கம்பெனியின் நாற்பது லாரிகளிலும் ஜிபிஎஸ் கருவி பொருத்தினார்கள். குடோனில் கொஞ்சம் கம்பியை இறக்காமல் மிச்சம் வைத்து, திரும்பும் வழியில் திருட்டுத்தனமாக இறக்கி விற்பவர்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. வண்டிகளைக் கம்ப்யூட்டரில் கண்காணிக்கப் பழவேற்காட்டுப் பெண் ஜுவைரியாவைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். முதல் வாரமே சாலமோனின் வண்டி தினமும் பதினான்கு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவதையும், பொன்னேரியில் ஒரே இடத்தில் நிற்பதையும் அவள் பார்த்தாள். அறிக்கையில் எழுதிக் கொடுத்தாள்.

மேனேஜர் அருணாச்சலம் சாலமோனைக் கூப்பிட்டார்.

“பொன்னேரில இன்னா எறக்குறீங்க?”

கேள்வி புரியவே சாலமோனுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. “ஒண்ணும் எறக்கல சார். சம்சாரத்துக்கு கஞ்சி ஊட்டப் போறேன்.”

அருணாச்சலம் அறிக்கையை மூடிவைத்தார். “நான் நம்புறேன். ஆனா உங்கள வுட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ரிப்போர்ட்டு முதலாளிகிட்ட போவுது. ரூட்டை வுட்டு எறங்காதீங்க. ஊட்ல யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கங்க.”

“சரி சார்” என்றார் சாலமோன்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு மதியக் கஞ்சியை ஊட்ட ஒப்புக்கொண்டாள். எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று சாலமோன் மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார். அவளும் பொறுமையாகத்தான் செய்தாள். ஆனால் ரோஜா பாதிக் கஞ்சியிலேயே வாயை மூடிக்கொள்வாள். ராத்திரி அவர் வந்ததும் சரியாக வராத நாக்கால், “மதியானம் வரலியே” என்பாள்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, மாதவரத்திலிருந்து திரும்பும் வழியில் தச்சூரை நெருங்கும்போது சாலமோனின் செல்போன் அடித்தது. சின்னப்பொண்ணு அழுதுகொண்டே பேசினாள். “அண்ணே, அண்ணிக்கு பொறை ஏறிக்கிச்சு. மூச்சு வுட முடியல. சீக்கிரம் வாண்ணே!”

சாலமோன் வண்டியை ஓரங்கட்டி அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

“பாப்பா, சாலமோன் பேசறேன். சம்சாரத்துக்கு மூச்சு திணறுதாம். பொன்னேரிக்கு திருப்பிக்கவா? சார்கிட்ட கேட்டு சொல்றியா?”

“ஐயோ, கேக்கவே வேணாம்ணே! போங்க!” என்று ஜுவைரியா கத்தினாள்.

அந்தச் சத்தத்தில் அருணாச்சலம் எழுந்து ஓடிவந்தார். இருவரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். சாலமோனின் வண்டி கூட்டுரோட்டில் திரும்பியது. பொன்னேரியில் போய் நின்றது. மாலைவரை அது நகரவே இல்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோதே ரோஜாவின் உயிர் போயிருந்தது.

அடக்கத்துக்கு வந்த அருணாச்சலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “மதியானத்துல உங்கள போக வுட்டிருக்கணும்” என்றார்.

 சாலமோன், தள்ளி நின்று அழுதுகொண்டிருந்த ஜுவைரியாவிடம் போய், “நீ இன்னா பண்ணுவ பாப்பா, ஒன் வேலை அது. நான்தான் போன் பண்ணிக்கினு நின்னேன்” என்றார்.

அடுத்த மாதமே, வீட்டில் நோயாளி இருக்கும் டிரைவர்கள் மதியம் வீட்டுக்குப் போய்வரலாம் என்று அருணாச்சலம் முதலாளியிடம் பேசி உத்தரவு வாங்கினார். தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்த மதன் என்ற டிரைவர்தான் முதலில் அந்த அனுமதியைக் கேட்டான். அவனுக்கு விழுந்த, போய்வர இரண்டு நாள் ஆகும் விஜயவாடா லோடுகளைச் சாலமோன் தானாகவே எடுத்துக்கொண்டார்.

“இம்மாந்தூரம் ஓட்ற வயசாண்ணே ஒனக்கு?” என்று மதன் தயங்கினான்.

“மதியானம் தச்சூர் பக்கம் இல்லாம இருந்தா போதும்டா” என்று சொல்லிவிட்டுச் சாலமோன் வண்டியில் ஏறினார்.