பன்னிரண்டு மேஜைக்குக் காப்பிப் பூ

மார்ச் கடைசியில ஒரு மழை பெய்யும். பெஞ்சு எட்டு ஒன்பது நாள் கழிச்சு காலையில கதவைத் திறந்தா... ஏற்காட்டு மலைச்சரிவு மொத்தமும் வெள்ளையா இருக்கும். காப்பிப் பூ. மல்லிகை வாசம்தான், ஆனா இன்னும் கனமா, தலைவலிக்கிற அளவுக்கு வீசும்.

மூணு நாள்தான். அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துடும்.

அந்தப் பூவை நாங்க யாரும் தொடக் கூடாது. ஒவ்வொரு பூவும் ஒரு காப்பிப் பழம் இல்லையா... எஸ்டேட்ல பிறந்த சின்னக் குழந்தைக்குக் கூட இது தெரியும்.

சுதந்திரம் வந்து சில வருசம் ஆகியும் எங்க எஸ்டேட்டுக்கு வெள்ளைக்கார துரைதான். எனக்கு அப்போ பதினெட்டு வயசு. பங்களாவுல மேஜை துடைக்கிறது, பூ ஜாடிக்குத் தண்ணி மாத்தறது என் வேலை. (நான் பேசப் பேச போனே டைப் அடிச்சுக்குது ஃப்ரெண்ட்ஸ். தப்பு இருந்தா அதைத் திட்டுங்க.)

அந்த வருசம் பூத்த முதல் நாளே ராசம்மா அக்காவுக்கு வேலை போச்சு.

அக்கா, கூலியாளுங்க வரிசையா குடியிருக்கற லைன்ல எங்க பக்கத்து வீடு. புருசன் இல்லை, ரெண்டு பிள்ளைங்க. எங்க அம்மா செத்த பிறகு எனக்குத் தலைவாரி விட்டவங்க. அவங்க கொண்டையில ஒரு கொத்து காப்பிப் பூ இருந்ததை மேஸ்திரி பார்த்துட்டாரு. ஆபீஸ்ல துரை முன்னாடி நிறுத்தி, கூலிப் பதிவேடு இருக்கே, செக்ரோல், அதுல பேரை அடிச்சுட்டாங்க. வேலை போனா லைன் வீடும் போச்சு. நான் பங்களாவுல இருந்து திரும்பறதுக்குள்ள, பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிக்கிட்டு அடிவாரத்துக் குப்பனூர்ல இருக்கற அண்ணன் வீட்டுக்கு இறங்கிட்டாங்க. அடுப்புல சாம்பல் இன்னும் சூடா இருந்தது.

மறுநாள் பங்களாவுல வேற கவலை. துரை மகளுக்கு அடுத்த நாள் கல்யாணம். சர்ச்ல முடிச்சு வந்து புல்வெளியில ரிசப்ஷன், பன்னிரண்டு மேஜை. ஒவ்வொரு மேஜைக்கும் நடுவுல என்ன வைக்கறது... இப்ப சென்டர்பீஸ்னு சொல்றாங்களே, அதேதான்.

துரைசாணி அம்மா வராண்டாவுல மாதிரிக்கு மூணு மேஜை போடச் சொன்னாங்க. ஒண்ணுல வெள்ளிக் கிண்ணத்துல ரோஜா. ஒண்ணுல வெள்ளை லில்லி. மூணாவதுல வெறும் ஃபெர்ன் இலையும் மெழுகுவத்தியும். அம்மா சுத்திச் சுத்தி வந்தாங்க, உதட்டைப் பிதுக்கினாங்க. கல்யாணப் பொண்ணுக்கும் எதுவும் பிடிக்கலை.

எனக்கு அப்பதான் அந்த யோசனை வந்தது. சமையக்கட்டுக்குப் பின்னால இருந்த காப்பிச் செடியில மூணு கிளையை ஒடிச்சேன். முந்தானையில மறைச்சு உள்ள எடுத்துட்டு வந்தேன். கண்ணாடி ஜாடியில சொருகி நாலாவதா கொண்டுவந்து வெச்சேன்.

என் கணக்கு இதுதான். அந்தப் பூவை அவங்களே மேஜை மேஜையா வெச்சுட்டா, ஒரு கொத்துக்காக ராசம்மா அக்காவைத் துரத்தினது எப்படி நியாயமாகும்?

கல்யாணப் பொண்ணு குனிஞ்சு மோந்து பார்த்துட்டு இதுதான் வேணும்னு சொல்லிடுச்சு. துரைசாணி அம்மா முகமும் மலர்ந்தது. நான் கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னேன்.

"ராசம்மா அக்கா ஒடிச்சதும் இந்தப் பூத்தானுங்க அம்மா. தெரியாம ஒடிச்சுட்டாங்க. மன்னிச்சு உட்டுருங்க."

அம்மா துரைகிட்ட பேசறேன்னு சொன்னாங்க. பேசவும் செஞ்சாங்க, அதை மறைக்கக் கூடாது. கல்யாணம் முடிஞ்ச ரெண்டாம் நாள், துரை மன்னிச்சுட்டாரு, வந்து வேலையில சேரச் சொல்லுன்னு மேஸ்திரி என்கிட்டயே சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை குப்பனூருக்கு ஓட்டமும் நடையுமா இறங்கினேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு. அக்கா வாசல்ல புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மூச்சு வாங்க நடந்தது எல்லாத்தையும் சொன்னேன். கையை நிறுத்தாமக் கேட்டாங்க.

"நான் ஒடிச்சேன்னு நீயா சொன்னே?"

"ஆமாங்க்கா... அப்பத்தானுங்க அவுங்க மனசு எளகும்."

"நான் ஒடிக்கல கண்ணு. நெழல் மரத்துக் கெளை உழுந்து, செடி ஒடிஞ்சு மண்ணுல கெடந்துச்சு. வாடிப்போறதுதானேன்னு எடுத்து வெச்சேன். ஆபீஸ்லயும் அதயேதான் சொன்னேன், ஒருத்தரும் நம்புல." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "இப்ப நான் மேல வந்தா, ஒடிச்சவளாத்தான் வரோணும்."

அக்கா கோவிச்சுக்கலை. சோறு போட்டாங்க, பக்கத்துல உக்காந்து சாப்பிட வெச்சாங்க. கிளம்பும்போது ஒரு உருண்டை புளி மடியில கட்டி விட்டாங்க. ஆனா மலைக்கு வரலை. அப்புறம் எப்பவுமே வரலை... எஸ்டேட்டைப் பொறுத்தவரை மன்னிச்சும் திரும்பி வராத திமிர் பிடிச்ச பொம்பளைன்னு அவங்க பேர் நின்னுபோச்சு. அந்தப் பேரை வாங்கிக் குடுத்தது நான்.

போன மாசம் சேலத்துல என் பேத்திக்கு ரிசப்ஷன். டெக்கரேஷன்காரர் டேப்லெட்டுல நூறு மாடல் காட்டினாரு. எல்லாம் பெங்களூர்ல இருந்து வர்ற பூ. பாட்டி செலக்ட் பண்ணட்டும்னு எல்லாரும் என் கையில குடுத்தாங்க. நான் டேப்லெட்டை பேத்திகிட்டயே நீட்டி, உனக்கு என்ன வேணும் கண்ணுன்னு கேட்டேன்.

நடுவுல உயரமா ஒண்ணும் வேணாம் பாட்டி, எதிர்ல உக்காந்திருக்கறவங்க முகம் தெரியணும்னு சொன்னா. அது எனக்கோ டெக்கரேஷன்காரருக்கோ தோணவே இல்லை. அப்படியே செஞ்சோம்.

கேக்கறதுக்கு ஒரு நிமிசம் கூட ஆகலைங்க.

அன்னிக்கு குப்பனூர் போயிட்டு வர ஒரு பகல் ஆகியிருக்கும். துரைசாணி அம்மாகிட்ட வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, என்னக்கா நடந்துச்சுன்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஆபீஸ்ல இருந்தவங்க அக்கா சொன்னதை நம்பலை, சரி... நான் கேக்கவே இல்லையே.